கேக் மேல் நிற்கப்போகும் ஜோடி

"முகத்துக்குக் கொஞ்சம் கலர் ஏத்துடி. கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்கு?"

அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கட்டைவிரல் உயரப் பொம்மையின் மேல் குனிந்திருந்தாள்.

மகள் தூரிகையைத் தண்ணீரில் அலசினாள், சற்று பலமாகவே.

நாளை மாலை கல்யாண விருந்தில் வெட்டப்போகும் கேக்கின் உச்சியில் நிற்கவேண்டிய பொம்மை அது. மணப்பெண்ணாக அவளே. பக்கத்தில், நேற்றே பூசிக் காய்ந்துவிட்ட கருநீலக் கோட்டு மாப்பிள்ளை. கடையில் விற்கும் ஜோடிகளெல்லாம் சுண்ணாம்பில் முக்கியெடுத்தவை போல இருந்ததால், வண்ணம் பூசாத பொம்மைகளாக வாங்கிவந்து தானே பூச உட்கார்ந்துவிட்டாள்.

நிறம் கலப்பது அவளுக்குப் புதிதல்ல. பல் செட் செய்யும் லேபில் வேலை. புதுப் பல்லைப் பக்கத்துப் பல்லின் நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் அவள் பிழைப்பு. அங்கே வெள்ளை என்று ஒன்று கிடையாது. பால் வெள்ளை, தந்த வெள்ளை, பழைய காகித வெள்ளை என்று அது ஒரு பெரிய குடும்பம்.

தன் முகத்துக்கும் முறைப்படிதான் கலந்திருந்தாள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு. வண்ணச் சக்கரத்தில் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பது நீலம். எதிரிகள் இருவரையும் ஒரே தட்டில் விட்டுக் குழைத்தால், சண்டை தணிந்து பழுப்பு பிறக்கும். அதில் வெள்ளை மிகக் கொஞ்சம். கறுப்பு மட்டும் கூடவே கூடாது; முகம் கரிபிடித்த சட்டி மாதிரி செத்துப்போகும். கன்னத்து நிழலுக்குக்கூட நீலமேதான். முழங்கையைச் சன்னல் வெளிச்சத்தில் நீட்டி வைத்துக்கொண்டு, கை எது வண்ணம் எது என்று தெரியாமல் போகும் வரைக்கும் கலந்தாள்.

அது அவள் நிறம். சின்ன வயதிலிருந்து அதைத் தேய்த்துப் போக்க அத்தைகளும் சித்திகளும் சொல்லாத யோசனை இல்லை. தன் கல்யாணத்திலாவது, கட்டைவிரல் உயரத்துக்காவது, தான் தானாகவே நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

அம்மாவுக்கும் ஒரு பிடிவாதம்.

"இப்படியே வெச்சீன்னா நான் கேக் பக்கமே வரமாட்டேன், பாத்துக்கோ."

அம்மா சொன்னால் செய்வாள். அம்மா பக்கத்தில் இல்லாமல் கேக் வெட்டுவது மகளால் ஆகாது.

"சரி, அரை மணி நேரம் குடு. நடுவுல எட்டிப் பாக்கக் கூடாது."

அம்மா ஜெயித்த முகத்தோடு சமையலறைக்குப் போனாள்.

மகள் முகத்தைத் தொடவில்லை. கவுனைத் தொட்டாள்.

காலையில் பதிவு அலுவலகத்துக்குப் போட்டுக்கொள்ளப்போகும் வெண்ணெய் நிறக் கவுன்தான் பொம்மை மேல் இருந்தது. வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் எந்த முகமும் ஒரு படி இருண்டுதான் தெரியும். அதன் மேல், மாலை விருந்துக்கு எடுத்திருந்த கவுனின் கரும்பச்சையைப் பூசினாள். பச்சைக்கு எதிர் சிவப்பு. பச்சையின் அணைப்பில் கன்னத்துச் சிவப்பு தானாக மேலெழுந்து வரும். பச்சை இருண்டிருந்தாலோ முகம் வெளுத்தும் காட்டும். கண் தன்னால் ஏமாந்துபோகும்.

அம்மா வந்தாள். குனிந்தாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"ஆங்! இதுதான் என் பொண்ணு. என்னத்தைக் கலந்தே?"

"ரெண்டு சொட்டு வெள்ளைம்மா," என்றாள் மகள், கொஞ்சமும் கூசாமல்.

வாசல் மணி அடித்தது. மாப்பிள்ளை. கூரைகளில் சோலார் தகடு பொருத்துகிறவன். கல்யாணத்துக்கு முந்தின நாளும் எங்கோ ஒரு மொட்டை மாடியில் ஏறி இறங்கிவிட்டு, ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றான்.

மணப்பெண் பொம்மையைப் பார்த்தான். "அட, அச்சு அசல் நீயேதான்!"

அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

பக்கத்துப் பொம்மையைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இவரு யாரு? எனக்கு முன்னாடி வந்து பாத்துட்டுப் போன மாப்பிள்ளையா?"

"ஐயோ, எல்லாம் கோட்டு பண்ற வேலை. பக்கத்துல கருநீலம் இருந்தா முகம் வெளுத்துத்தான் தெரியும்."

சொன்ன பிறகுதான், அம்மா அங்கேயே நிற்பது நினைவுக்கு வந்தது. அம்மா பச்சைக் கவுனை ஒரு தடவை பார்த்தாள். மகளை ஒரு தடவை பார்த்தாள்.

மகள் அவசரமாகப் பொம்மையின் கோட்டைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டினாள்.

கோட்டு மறைந்தது. முகம் துளிகூட இருளவில்லை.

"நீதான் வெயில்ல அலைஞ்சு அலைஞ்சு..." என்று அவனைப் பார்த்து இழுத்தாள்.

"சட்டைக்குள்ளயும் இதே கலர்தான், மேடம்," என்றான் அவளிடம்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "மாப்பிள்ளைக்குக் கலர் ஏத்துன்னு நான் சொல்லவே இல்லையேடி!"

சொல்லவில்லைதான். யாருமே சொல்லவில்லை. நேற்று எதிரே ஆள் இல்லாமல், மனதில் இருந்தபடியே அவனை அவள் ஆசையாகக் கலந்திருந்தாள்.

அவன் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டு, போட்டோவுக்கு உட்காருகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

அவள் நீலப் புட்டியைத் திறந்தாள். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.