சூட்டுப் பக்கம்

"மீனுக்குக் காய்ச்சலா? அடுத்தாப்ல அதுக்குப் போர்வை வேணும்னு வந்து நிப்பியா?"

துறைத்தலைவர் தன் கேலிக்குத் தானே முதலில் சிரித்தார். மீன்தொட்டி அறையின் கதவோரம், ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில், நாற்காலியைப் போட்டுக் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். உடம்பு சரியில்லை என்று ஒருநாள்கூட விடுப்பு எடுத்திராத மனிதர். அதனால் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை 'இரும்பு' என்றுதான் சொல்வார்கள். ஆய்வு மாணவிக்கு அவர் வைத்த பெயர் 'மீன்காரி'. அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்வார்.

"நமக்கு நோய் தொத்தினா உடம்பே உள்ளுக்குள்ள அடுப்பு மூட்டிக்கும் சார்," என்றாள் மீன்காரி பொறுமையாக. "மீனுக்கு அந்த அடுப்பு கிடையாது. அதனால வெதுவெதுப்பான தண்ணியைத் தேடிப் போகும். சூட்டுல அதோட எதிர்ப்புச் சக்தி இன்னும் சுறுசுறுப்பா வேலை செய்யும்."

நீளமான கண்ணாடித் தொட்டி மூன்று அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. சன்னலை ஒட்டிய கோடியில் சூடான தண்ணீர், நடுவில் மிதமானது, கதவுப் பக்கம் குளிர்ந்தது. தடுப்புகளில் மீன் நுழையுமளவுக்குத் துளைகள். கிருமி செலுத்தப்பட்ட வரிக்குதிரை மீன்கள், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த நீலக்கோட்டு உருப்படிகள், நடு அறையில் ஊர்வம்பு பேசுவதுபோல் கூடி நின்றன. எதுவும் நகர்வதாகக் காணோம்.

"நோய் வந்தா எங்க ஒதுங்கணும்னு தெரிய அதுக்கு ஏது புத்தி? புத்தியுள்ள நானே அப்படி ஓட மாட்டேன்," என்றார் இரும்பு. "சாயங்காலத்துக்குள்ள நோய்பட்ட உயிர் ஒண்ணாவது, யாரும் சொல்லாம, தானா சூட்டுப் பக்கம் போறதை எனக்குக் கண்ணால காட்டு. தொட்டி உன்கிட்டயே இருக்கும். இல்லைன்னா நாளைக்கே பக்கத்துப் பிரிவுக்குப் போயிடும்."

தொட்டி போனால் அவளுடைய ஆய்வும் அதோடு போய்விடும். மீன்காரி மீன்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சற்று நேரத்தில் நாற்காலி இழுபடும் சத்தம். இரும்பு சன்னலோரத்துக்கு இடம் மாறியிருந்தார். மடி நிறைய வெயில்.

"அங்கேர்ந்து பார்த்தா ஒண்ணும் சரியாத் தெரியல," என்றார் அவள் கேட்காமலே.

கிட்ட இருந்து கேலி செய்யத்தான் வந்திருக்கிறார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் மேலங்கியின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். வெற்றி மாலை வாங்கிக்கொள்ள இப்போதே தயாராகிறார் போலும்.

மீன்களுக்குத் தீனி போட வந்தவரை அவர் விடவில்லை. "ஒரு டீ கொண்டாப்பா. நல்லாக் கொதிக்கக் கொதிக்க."

தீனிக்காரர் மீன்காரியின் காதோரம் குனிந்தார். "ஏம்மா, உள்ள டீ கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டினதே இவர்தானே?"

"இன்னைக்கு அவர் வச்சதுதான் சட்டம் அண்ணே. கொடுத்துத் தொலைங்க."

டீ வந்தது. அவர் குடிக்கவில்லை. கோப்பையை இரு உள்ளங்கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு, வெற்றிக் கோப்பையைப் போல மார்போடு அணைத்திருந்தார். அது ஆறியதும் இன்னொன்று கேட்டார்.

வெயில் சன்னலை விட்டு இறங்கத் தொடங்கியபோது இரும்பு எழுந்தார். நேராகத் தொட்டியின் சூட்டுக் கோடிக்கு வந்து, கண்ணாடிமேல் இரு கைகளையும் பதித்துச் சாய்ந்து நின்றார்.

"எங்கம்மா உன் நோயாளிங்க? ஒருத்தரையும் காணோமே!"

குரல் கரகரத்தது. காலையிலிருந்து சிரித்த சிரிப்புக்குத் தொண்டை கட்டாமல் என்ன செய்யும்?

அந்தச் சமயத்தில் ஒரு மீன் துளைவரை வந்தது, மூக்கை நீட்டியது, எதிரே மலைபோல் விழுந்திருந்த நிழலைக் கண்டு விருட்டென்று திரும்பிவிட்டது. மீன்காரிக்கு அழுகை முட்டியது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"ஏன், தோத்துடுவோம்னு பயமா?"

"சார், தயவுசெஞ்சு..."

அவர் கண்ணாடியோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். அவருடைய பதவி, தன்னுடைய எதிர்காலம் எல்லாவற்றையும் ஒரு கணம் மறந்து, மீன்காரி அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மறுகணமே சுட்டுக்கொண்டவளைப் போலக் கையை எடுத்தாள்.

ஏசியை விட்டு நகர்ந்த நாற்காலி. சன்னல் வெயில். கழுத்துவரை பொத்தான். குடிக்காத டீ. இப்போது இந்தக் கண்ணாடி.

"சார்," என்றாள் மெல்ல, "எப்பலேர்ந்து காய்ச்சல்?"

"காய்ச்சலா? எனக்கா?" இரும்பு தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"அடுப்பு மூட்டியாச்சு சார். நோய்பட்ட உயிர் ஒண்ணு, யாரும் சொல்லாம, தானா சூட்டுப் பக்கம் வந்தாச்சு. கண்ணால பார்த்தாச்சு."

வாசலில் தீனிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். ஆனால் இரும்பு அவ்வளவு எளிதில் வளைகிறவரா?

"அது... மனுஷன் கதை வேற. உன் மீன் எங்க வந்துச்சு?"

மீன்காரி அவர் தோளை அணைத்துப் பிடித்து ஓரடி விலக்கினாள். கண்ணாடியிலிருந்து நிழல் வழுக்கிக்கொண்டு போனது. நீலக்கோடு ஒன்று துளையில் நுழைந்து சூட்டு அறைக்குள் வந்தது. அதன் வாலைப் பிடித்தாற்போல் இன்னொன்று. அதன் பின்னால் மொத்தக் கூட்டமும்.

"அதுங்க எப்பவோ வந்திருக்கும் சார். முதல்ல வந்த நோயாளி இடத்தை விட்டு நகர்ந்தாத்தானே!"