இரண்டாவது பொட்டலம்

"உங்க வீட்டுக்காரருக்குக் கிருமி ரத்தத்துல கலந்து, ரத்தம் உள்ளயே உறையுதும்மா. ஆராய்ச்சியில சேர்த்தா புது மருந்தோ வெறும் உப்புத் தண்ணியோ, குலுக்கல்ல விழுறதுதான் ஏறும்," என்றார் டாக்டர்.

"இன்னா சார், உசுருக்கே குலுக்கலா?" என்று எகிறினார் என் அண்ணன் அழகேசன். பிறகு டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தார்.

என் கணவர் கண் திறக்கவில்லை. எனக்கோ முடிவெடுக்கத் தைரியமில்லை.

"அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாத்துடலாம் சரசா. மல்லின்னா சேத்துடு. அரளின்னா வாணாம்," என்றார் அண்ணன்.

பூந்தமல்லிக் கோயிலில் அண்ணன் மடித்து வைத்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுத்தேன். மல்லி. திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன்.

கணவர் பிழைக்கவில்லை.

"ஆத்தா சொன்னதைத்தானே செஞ்சே? உம்மேல தப்பில்ல கண்ணு," என்றார் அண்ணன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் காரியம்வரை நடமாடினேன்.

மறுநாள் துவைக்க எடுத்த, அண்ணன் அன்று கோயிலுக்குப் போட்டுவந்த சட்டையின் பையில், நான் எடுக்காத பொட்டலம் அப்படியே இருந்தது. பிரித்தேன்.

அதிலும் மல்லிதான், காய்ந்து கிடந்தது.