எக்ஸ்ரே அறைக்கு வெளியே

"குப்பியைக் குடுத்துட்டு நீங்க வெளியவே இருங்க. படம் எடுத்ததும் அனுப்பறேன்."

எக்ஸ்ரே ஆபரேட்டர் அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். எலிச் சோதனை தொடங்கிய இந்த மூன்று வாரமாக இதே கதைதான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குப்பியில் இருப்பது அவளுடைய ஆறு வருட உழைப்பு. கண்ணுக்குத் தெரியாத துகள்கள். எலிக்கு ஊசியில் ஏற்றினால் புற்றுக்கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும்; எக்ஸ்ரே பட்டதும் ஒளிரும். அந்த வெளிச்சத்தை அவள் இன்னும் ஒரு தடவைகூட நேரில் பார்க்கவில்லை.

"ஏமாந்துடாத," என்றாள் பக்கத்து மேசைக்காரி. "கட்டுரை வரும்போது அந்த ஆள் பேருதான் முதல்ல நிக்கும், பாரு."

சுருக்கென்றது. நேராக ஆய்வகத் தலைவரிடம் போய்ப் புகார் சொன்னாள். அவர் உடனே ஆபரேட்டரை வரவழைத்தார்.

"இவங்களை உள்ள விடறதில்லையாமே, நிஜமா?"

"நிஜம்தான் சார்."

"ஏன்?"

ஆபரேட்டர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சார்."

"அடுத்தவங்க உழைப்புல பேர் வாங்கிடலாம்னு நினைப்பா?"

ஆபரேட்டர் சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப சாவியை வெச்சிட்டுக் கிளம்புங்க. இனிமே உங்களுக்கு ஸ்டோர் ரூம்தான். மெஷினை இவங்களே பாத்துப்பாங்க."

சாவியை வைத்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "மெஷினை ஓட்டறவங்க பாதுகாப்பு ஃபாரம் நிரப்பணும் சார். அதை மட்டும் விட்டுடாதீங்க."

"போறப்பகூட சட்டம் பேசறதைப் பாரு," என்றார் தலைவர்.

ஜெயித்த வேகத்தில் அவள் ஃபாரத்தை மளமளவென்று நிரப்பினாள். பெயர். வயது. ஒவ்வாமை. அடுத்த வரியில் பேனா நின்றது.

'பெண்களுக்கு மட்டும்: கடைசி மாதவிலக்குத் தேதி.'

தேதி பார்ப்பதை அவள் விட்டு ஒரு வருஷமாகிறது. குழந்தைக்காக எட்டு வருஷம் ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை என்று அலைந்து, போதும் என்று கணவனும் மனைவியும் ஓய்ந்துபோயிருந்தார்கள். சுவரிலிருந்த மாதக் காலண்டரில் ஒரு தாளைப் பின்னால் புரட்டினாள். இன்னொரு தாளையும் புரட்டினாள்.

ஃபாரத்தை அப்படியே மூடி வைத்தாள்.

எதிரிலிருந்த மருந்துக்கடைக்குப் போய் வந்தாள். கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கையிலிருந்த சோதனைப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு கோடுகள்.

அரை மணி நேரம் கழித்து ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆபரேட்டர் முன்னால் போய் நின்றாள். 'தப்பு என்மேலதான் சார்' என்று தலைவரிடம் கேட்டு வாங்கிய சாவி கையில் இருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "முதல் நாளே ஸ்பிரிட் வாசனைக்கு வாயைப் பொத்திக்கிட்டு ஓடினீங்க. மறுநாளும் அப்படித்தான். என் வீட்டுக்காரிக்கும் இப்படித்தான் இருந்துது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எவ்வளவு வருஷமா ஏங்கறீங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். நான் வாயை வெச்சு, கடைசில அது இல்லேன்னு ஆயிட்டா உங்களால தாங்க முடியுமா?"

"சார் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல. வேலையே போயிருக்குமே."

"இந்தச் சேதி உங்களுக்கு முன்னாடி அவர் காதுல விழறது நல்லாவா இருக்கும்?"

சாவியை நீட்டினாள்.

"என்னைப் போய் உள்ள விடமாட்டேங்கறாரேன்னு மூணு வாரமா உங்களைத் திட்டாத நாளில்ல."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

"நான் உள்ள விடாதது உங்களை இல்லம்மா."