அரக்குச் சிவப்பு

விமானம் பம்பாயை நெருங்கியதும் பணிப்பெண், இறங்குமுன் விவரம் நிரப்ப ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். நம்பிராஜன் தன் அட்டையைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் நீட்டி, கொஞ்சம் எழுதித் தர முடியுமா என்று கேட்டான்.

ஷேக் பரீத் பெய்ரூட்டில் ஏறியவர். தாராவியில் தோல் பட்டறை வைத்திருப்பவர். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோட்டும் டையும் சோக்காத்தான் இருக்கு. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கலியோ தம்பி?"

நம்பிராஜன் சிரித்தான். மறுக்கவில்லை.

பெயர், விலாசம் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். தொழில் என்ற இடத்தில் என்ஜினீயர் என்று அவன் சொன்னபோது மட்டும் பேனா நின்றது. நமக்கென்ன என்று அதையும் எழுதிக் கொடுத்தார்.

சாப்பாட்டுத் தட்டில் கரண்டியை அவன் விரலால் துழாவி எடுத்தபோதும், பழக்கமில்லாத பிள்ளை என்றே நினைத்திருந்தார்.

ஆனால் நல்ல பிள்ளை. மூன்று வருஷம் லண்டனில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவன் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுப்பானா? இவன், அவர் கேட்காமலே கொடுத்திருந்தான்.

வழியெல்லாம் அவன் பேச்சு ஷ்யாமளாவைப் பற்றித்தான். கல்யாணமாகி ஒரே மாதத்தில் அவளை மாட்டுங்காவில் விட்டுவிட்டுக் கப்பலேறியவன். சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் அழைக்க வந்தவர்கள் மாடியில் கூட்டமாக நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் அவளை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துக் கை காட்ட வேண்டும். அதற்காகவே, முகூர்த்தத்துக்குக் கட்டிய அரக்குச் சிவப்புச் சேலையில் வரும்படி தந்தி கொடுத்திருந்தான்.

பெண்டாட்டி முகம் மறந்துபோச்சா என்று பரீத் கேலி செய்தார்.

முகம்தான் நன்றாக நினைவிருக்கிறது என்றான் அவன்.

படிகளில் கைப்பிடியை விடாமல், ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினான். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கீழே காலை வெயில் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. மாடியிலிருந்து யார் யாரோ யார் யார் பெயரையோ கூப்பிட்டார்கள்.

அந்த வெளிச்சத்துக்கு நடுவே சிவப்பு தெரிந்தது.

அவன் கையை உயர்த்தி அசைத்தான்.

சிவப்பு அசையவில்லை. பக்கத்தில் அம்மா நிற்பாள், வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். இன்னொரு கையையும் உயர்த்தினான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

பரீத் நின்றுவிட்டார். அவன் பார்த்த திசையைப் பார்த்தார். பிறகு அவன் கண்களைப் பார்த்தார். அந்த அட்டை ஞாபகம் வந்தது.

"தம்பி," என்றார் தாழ்ந்த குரலில். "அது தூணுல மாட்டியிருக்குற மணல் வாளி. தீப்பிடிச்சா அணைக்கிறதுக்கு."

கைகள் மெல்ல இறங்கின.

நிறம் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தெரியும் என்று லண்டன் டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவன் யாருக்கும் எழுதவில்லை. வீட்டுக்குப் போய், ஷ்யாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தானே சொல்ல வேண்டும் என்றிருந்தான்.

பரீத் அவன் தோளைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார்.

"இங்கன. செவப்புச் சேலை. உங்களத்தான் பாக்குறாவ."

"கை காட்டறாளா?"

பரீத் மாடியை இன்னொரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"காட்டிக்கிட்டேதான் இருந்தாவ. இப்ப நிறுத்திட்டாவ."