உரல் சத்தம்

நாளை சீனப் புத்தாண்டு. மலாக்காவின் அந்தச் சந்தில், இடிக்கிற சத்தத்தை வைத்தே எத்தனை பேருக்குச் சமையல் என்று சொல்லிவிடுவார்கள். கியோக் நியோ கல்லுரலில் ஓங்கி இடித்தாள்.

“பெலாச்சான் சம்பலுக்கு மிளகாயா இடிக்கிறீங்க அக்கா? மகன் வந்தாச்சா?” சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாள் பக்கத்து வீட்டு சுவீ லியான்.

“குடும்பத்தோட வந்துட்டிருக்கான். கோழிக் குழம்புக்குக் கெலுவாக் கொட்டை வேற உடைக்கணும். பேச நேரமில்லடி!”

சொல்லிவிட்டு இன்னும் வேகமாக இடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. காரம் என்று சொல்லவும் வழியில்லை. உரலில் ஒரு மிளகாய்கூட இல்லை. வரவில்லை என்று மகன் காலையிலேயே போனில் சொல்லிவிட்டான்.

“போதும் அக்கா, கை வலிக்கும்,” என்றாள் லியான். “வெறும் உரல் சத்தம் எனக்குத் தெரியாதா? போன வருஷம் உங்க வீடு நிறைஞ்சிருந்தப்ப நான் இடிச்சதும் வெறும் உரலைத்தான். மிளகாய் எடுத்துட்டு வரேன், கதவைத் திறங்க.”