சமையலறைக்கு வந்த பழ ஈக்கள்

ஊரடங்கில் பல்கலைக்கழகத்தைப் பூட்டியதும், ஆராய்ச்சி மாணவி செண்பகவல்லி ஆய்வுக்கூடத்துப் பழ ஈக்களைச் சீசாவோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

வீட்டு ஈ ஒன்று சீசாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. "என்னைக் கண்டாலே இந்த வீட்டு அம்மா துண்டை எடுக்குது. உங்களுக்கு மட்டும் வாழைப்பழமா?"

"நாங்க முப்பத்தெட்டாம் தலைமுறை" என்றது பழ ஈ. "நாங்க செத்தா செண்பகவல்லியோட மூணு வருஷ உழைப்பு போச்சு."

"அம்மா, பழம் மசிச்சாச்சா?" என்று செண்பகவல்லி பதறினாள்.

"உங்கப்பாவுக்கே இன்னும் சோறு போடலடி!"

"நாற்பதாம் தலைமுறையில ஆராய்ச்சி முடிஞ்சிடும்" என்று பழ ஈ பெருமையாகச் சொன்னது.

"அப்புறம் யாரு பழம் போடுவா?"

அதற்குள் அம்மா துண்டை ஓங்கினாள். வீட்டு ஈ ஜன்னல் வழியே பறந்துவிட்டது.

சீசாவின் வாயை அடைத்திருந்த பஞ்சைப் பழ ஈ அன்றுதான் நிமிர்ந்து பார்த்தது.