டி.வி.யின் முதுகு

மூன்றாவது படத்திலும் ஒரு அப்பா வந்துவிட்டார்.

தியேட்டர் இருட்டில் பார்த்துக்கொண்டிருந்த அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இது யார் வீட்டு அப்பா?

வெள்ளிக்கிழமை பார்த்த படத்தில் அப்பா பெல்ட்டை உருவினார். ஐயோ, நான்தானா என்று அவருக்குப் பதறியது. பிறகு யோசித்தார். தான் பெல்ட்டே கட்டியதில்லை.

சனிக்கிழமை படத்தில் அப்பா மாலையோடு சுவரில் தொங்கினார். மகள் பார்த்துப் பார்த்து அழுதாள். அப்புறம் கதை பத்து வருடம் பின்னால் போனது. அங்கிருந்து இன்னும் ஐந்து வருடம். செத்தவர் கருகரு மீசையோடு வந்து பாட்டுப் பாடினார். முப்பது வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவருக்கே எது முன்னால், எது பின்னால் என்று பிடிபடவில்லை.

மகள் செண்பகா சினிமாவில் உதவி இயக்குநர். அவரோடு பேசி நாலு வருடம். "நீ படம் எடுத்துக் கிழிச்சே" என்றுதான் வழியனுப்பியிருந்தார்.

அவள் வேலை பார்த்த படம் இந்த வெள்ளிக்கிழமை வருகிறது, அதில் நம் வீட்டுக் கதையையும் கொஞ்சம் வைத்திருக்கிறாளாம் என்று மைத்துனர் சொன்னார். எந்தப் படம் என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடும்.

வந்ததோ மூன்று படம். பென்ஷனர் சங்கத்தில் கூட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டு மூன்று நாளும் மேட்னிக்கு வந்தார்.

பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. உதவி இயக்குநர்கள் பெயரைக் கடைசியில்தான் போடுகிறார்கள். அதற்குள் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, திரையையும் அணைத்துவிடுகிறார்கள்.

இப்போது திரையில் ஒரு சின்ன வீடு. பெரிய டப்பா டி.வி. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் ஏதோ படம் பார்க்கிறாள். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். சட்டென்று அணைக்கிறாள். ஈரத் துண்டைக் கொண்டுவந்து டி.வி.யின் முதுகில் போடுகிறாள். எடுக்கிறாள். புத்தகத்தோடு உட்காருகிறாள்.

அப்பா வருகிறார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் டி.வி.யின் முதுகைத் தொடுகிறார்.

தியேட்டரே சிரித்தது. பக்கத்து இருக்கைக்காரர் தன் மனைவியிடம் சொன்னார்: "எங்க அய்யாவும் இதே கததான்."

இவர் குழம்பிப்போனார். தான் மட்டும் கண்டுபிடித்த தந்திரம் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தார்?

ஆனால் அந்த ஈரத் துண்டு.

ஒரு கோடையில் அவர் வீட்டு டி.வி. புகைந்து நின்றுபோனது. உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்றார் மெக்கானிக். வீட்டுக்குள் மழையா பெய்கிறது என்று சண்டை போட்டு அந்த மனிதரை விரட்டிவிட்டார்.

சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. அடுத்து நடந்தது அவருக்குத் தெரியும். டி.வி. சுட்ட நாளெல்லாம் செண்பகாவை வாசலில் முட்டி போட வைத்தார். அன்றைக்குத் தெரு பார்த்தது. இன்றைக்கு ஊரே பார்க்கப்போகிறது.

படத்து அப்பா கையை எடுக்கவில்லை. மகளின் விரல் நுனியில் தண்ணீர் சொட்டியது. அதையும் பார்த்தார்.

பிறகு அடுப்படியில் நின்ற மனைவியிடம் சொன்னார்.

"சுடவே இல்ல."

சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்படி நடக்கவே இல்லை. ஒரு நாள்கூட.

ஏன் இப்படி எழுதினாள்? மறந்துவிட்டாளா? கேலி செய்கிறாளா? முட்டி போட்டிருந்தபோதே இப்படி ஓர் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளா? செய்யாத நல்லதுக்குப் பெயர் வாங்குவது அவருக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்ததென்று தெரியாது.

விளக்கைப் போட்டார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் திரை அணைந்தது. அவர் கடைசி ஆளாக எழுந்தார்.

வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது உள்ளே ஒரு பெண் குரல் பேசிக்கொண்டிருந்தது. கேட் சத்தம் கேட்டதும் நின்றது. செண்பகாவின் குரல் மாதிரி இருந்தது. நாலு வருடத்தில் அதுகூட நிச்சயமாகத் தெரியவில்லை.

மனைவி உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரைக்கு அடியில் ரிமோட் தெரிந்தது.

அவர் செருப்பைக் கழற்றாமல் நேராகப் போனார். இப்போதைய டி.வி. இரண்டு விரல் கனம்தான். இருந்தாலும் பின்னால் கையை நுழைத்துத் தொட்டுப் பார்த்தார்.

நல்ல சூடு.

உலகம்மை கீரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சுடவே இல்ல" என்றார்.

கீரை உருவிய கை நின்றது. அவள் மெல்ல நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க எந்த ஆட்டத்துக்குப் போனிய?"